கணுக்கால் முறிந்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள்



மழைநாளில் மலையில் வழுக்கிக் கானுக்குள் விழுந்து கணுக்கால் புரண்டால் லயத்தில் என்ன சொல்வோம்? "சும்மா சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போயிரும்." பல நேரம் அது சுளுக்குதான். ஆனால் காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ, பாதம் ஒரு பக்கம் திரும்பியிருந்தாலோ எலும்பு முறிந்திருக்கலாம். நீவினால் முறிவு இன்னும் விலகும்.

செருப்பைக் கழற்றி, காலை அசையாமல் தலையணையோடு சேர்த்துக் கட்டி, உயர்த்தி வையுங்கள். காயமிருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். எலும்பு வெளியே தெரிந்தாலோ, பாதம் குளிர்ந்து மரத்துப்போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எக்ஸ்றேயில் எலும்பு விலகாமல் இருந்தால் பிளாஸ்டர் கட்டே போதும். விலகியிருந்தால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். ஏன்? உடம்பின் பாரம் முழுவதையும் அந்தச் சிறிய மூட்டுத்தான் தாங்குகிறது. மூட்டின் எலும்பு 1 மில்லிமீற்றர் விலகினாலே, பாரம் தாங்கும் பரப்பு சுமார் 40 வீதம் குறையும் என்று 1976 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படியே விட்டால் மூட்டு தேய்ந்துபோகும். பிறகு மலை ஏறுவது எப்படி?

வைத்தியர் தோலைத் திறந்து, எலும்பைப் பழைய இடத்தில் பொருத்தி, தகடும் ஸ்குருவும் பூட்டுவார்.

"பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போயும் ஒரு கிழமையா சும்மா படுக்க வச்சிருக்காங்களே" என்று சிலர் கோபித்துத் துண்டு வெட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது தவறு. வீங்கிய தோலை வெட்டினால் காயம் ஆறாது, கிருமி சேரும். வீக்கம் வற்ற ஒன்று, இரண்டு கிழமைகூட ஆகலாம். அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான்.

ஒப்பரேஷனுக்குப் பின் பலருக்குச் சுமார் ஆறு கிழமை காலை ஊன்றக் கூடாது. வைத்தியர் சொல்லும்வரை கூடை தூக்காதீர்கள். சிகரெட், சுருட்டு, புகையிலையை விடுங்கள். எலும்பு கூடுவதை அவை தாமதப்படுத்தும். சீனி வியாதி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

வேலையில் நடந்த விபத்து என்றால் அன்றைக்கே கங்காணியிடமும் தோட்ட ஒபீசிலும் சொல்லிப் பதியுங்கள். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கேட்க இடமுண்டு. ஆஸ்பத்திரித் துண்டுகளையும் எக்ஸ்றே படத்தையும் பத்திரமாக வையுங்கள்.

கால்தான் நமக்குச் சோறு போடுகிறது. அதை எண்ணெய்ப் போத்தலிடம் ஒப்படைக்காதீர்கள்.