கெர்னலைத் தாண்டிப் போகும் வழி

1980, 90களில் யூனிக்ஸ் சர்வரில் டேட்டாபேஸ் ஓட்டியவர்களுக்கு ‘ரா பார்ட்டிஷன்’ பழகிய சொல். டிஸ்க்கில் ஒரு பகுதியை ஒதுக்கி, பைல் சிஸ்டமே போடாமல் டேட்டாபேஸிடம் கொடுத்துவிடுவார்கள். காரணம் இதுதான்: யூனிக்ஸின் மையமான கெர்னல், படித்த பிளாக்கையெல்லாம் நினைவகத்தில் உள்ள பஃபர் கேஷில் வைத்துக்கொள்ளும். எழுதச் சொன்னதையும் அங்கே நிறுத்தி, சாவகாசமாகத்தான் டிஸ்க்குக்கு அனுப்பும். எடிட்டருக்கும் கம்பைலருக்கும் அது வரம். ஆனால் எந்த பிளாக் மறுபடி தேவைப்படும், எது முதலில் டிஸ்க்கில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். டேட்டாபேஸ் ஆய்வாளர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1981-லேயே இதைக் கட்டுரையாக எழுதிவிட்டார்.

ரா பார்ட்டிஷனைக் கட்டி மேய்ப்பது லேசல்ல. உள்ளே பைல் பெயர் கிடையாது; இடம் தானாக வளராது. விவரமறியாத ஒருவர் ‘காலியாகத்தானே கிடக்கிறது’ என்று பார்மட் செய்துவிட்டால் அவ்வளவுதான்.

இந்தத் தொல்லை இல்லாத மாற்று வழி, பைலைத் திறக்கும்போது கொடுக்கும் ‘ஓ டைரக்ட்’. சிலிக்கான் கிராஃபிக்ஸின் ஐரிக்ஸ் என்ற யூனிக்ஸில் வந்த அது, லினக்ஸுக்கு 2001-இல் 2.4.10 பதிப்போடு வந்தது. பைல் பைலாகவே இருக்கும், கேஷ் மட்டும் விலகிக்கொள்ளும். நினைவக முகவரி, அளவு, பைலில் தொடங்கும் இடம் மூன்றும் பொதுவாக 512 அல்லது 4096 பைட்டின் மடங்காக இருக்க வேண்டும். பிசகினால் பெரும்பாலும் பிழைதான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. 2002-இல் போதையேறிய குரங்கின் வேலை என்கிற அளவுக்குத் திட்டினார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. நேராக எழுதினாலே டிஸ்க்கில் நிலைத்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். அதற்கு இன்றைக்கும் ‘எஃப்சிங்க்’ என்ற அழைப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கேஷைத் தவிர்க்க இன்று காரணமே வேறு. சுழலும் டிஸ்க் ஒரு பிளாக்கை எடுத்துத்தர 10 மில்லி விநாடி போல ஆகும். நடுவில் கேஷிலிருந்து நிரலுக்கு ஒரு காப்பி எடுப்பதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு 100 மைக்ரோ விநாடியே தாராளம். இப்போது அந்தக் காப்பியும் கேஷ் பராமரிப்பும்தான் பிராசசரைத் தின்கின்றன. அதனால்தான் காத்திராமல் படிக்கவும் எழுதவும் லினக்ஸில் 2019-இல் வந்த ‘ஐஓ யூரிங்’கோடு நேரடி வழியைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 8.4-இல், லினக்ஸில் முடிந்தவரை நேரடி வழியே இயல்புநிலை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இன்னும் கெர்னல் கேஷை நம்பியே ஓடுகிறது. 16-ஆம் பதிப்பில் நேரடி வழி வந்தும், டெவலப்பர்கள் சோதித்துப் பார்க்க மட்டுமே.

ரா பார்ட்டிஷன்களுக்காக இருந்த லினக்ஸின் பழைய ரா டிரைவர் 2021-இல் 5.14-ஓடு நீக்கப்பட்டது. 2025-இல் லினக்ஸ் 6.14-இல் ஒரு நடுவழி பிறந்தது: டேட்டா கேஷ் வழியாகவே போகும், வேலை முடிந்ததும் அந்த இடம் காலியாகும், மடங்குக் கணக்கும் வேண்டாம். பேக்கப் எடுக்கும் நிரலுக்கு இதுவே போதும் என்பேன்.