வெள்ளத் துடிப்பும் மிதவை உயிரிகளும்: மேல் பரானா ஆற்றுச் சமவெளியை முன்வைத்து

நீரோட்டத்தை எதிர்த்து நீந்த இயலாமல் அதன் போக்கிலே செல்லும் சிற்றுயிர்களைப் ‘பிளாங்க்டன்’ என்பர். செருமானிய அறிஞர் விக்டர் ஹென்சன் 1887ஆம் ஆண்டில் வழங்கிய இச்சொல், ‘அலைந்து திரிவது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. தமிழில் வழங்கும் ‘மிதவை உயிரி’ என்னும் கலைச்சொல் மிதத்தலைச் சுட்டுகிறது, அலைதலைச் சுட்டவில்லை. வெள்ளச் சமவெளி ஈரநிலங்களைப் பொறுத்தவரை, விடுபட்ட அப்பொருளே இன்றியமையாதது. அங்கு இவ்வுயிரிகள் எப்போது அலைக்கழிக்கப்படுகின்றன, எப்போது ஓரிடத்தில் தங்குகின்றன என்பதைப் பொறுத்தே அவற்றின் கூட்டமைப்பு உருவாகிறது. பிரேசில் நாட்டின் மேல் பரானா ஆற்றுச் சமவெளியைக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

இச்சமவெளியில் பரானா, பாயியா, இவின்யேமா ஆகிய ஆறுகளும் அவற்றை ஒட்டிய வாய்க்கால்களும் ஏரிகளும் உள்ளன. சில ஏரிகள் ஆண்டு முழுவதும் ஆற்றோடு தொடர்புடையவை. சில வெள்ளக் காலத்தில் மட்டுமே ஆற்றோடு இணைபவை. யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் ஆகிய மூவரும் 1989இல் முன்வைத்த ‘வெள்ளத் துடிப்பு’க் கோட்பாடு, இத்தகைய நிலப்பரப்பின் உயிர்வாழ்வை ஆற்றின் ஏற்ற இறக்கமே முதன்மையாக இயக்குகிறது என்கிறது.

நீர் வடிந்த காலத்தில் ஒவ்வோர் ஏரியும் தனி உலகமாகிறது. ஆழம் குறைந்த ஏரியில் காற்று அடிச்சேற்றைக் கிளறி ஊட்டப்பொருள்களை மேலே கொணர்கிறது. நீர் தேங்கி நிற்பதால் பாசிகள் பெருகப் போதிய காலம் கிடைக்கிறது. சில ஏரிகளில் நீலப்பச்சைப் பாசி மிகுகிறது. அருகிலுள்ள மற்றோர் ஏரியில் நிலைமை முற்றிலும் வேறாக இருக்கலாம். நீர்த்தாவரங்கள் அடர்ந்த கரையோரத்தில் ரோட்டிஃபர்களும் ஓடுடைய அமீபாக்களும் பல்கியிருக்கும். திறந்த நடுப்பரப்பில் வாழ்வன வேறு இனங்கள். தமிழகக் குளங்களை மூடும் ஆகாயத்தாமரையின் தாயகம் தென்னமெரிக்காவே. இங்கு களையாக வெறுக்கப்படும் அதன் வேர்த்தொகுதி, அங்கே எண்ணற்ற சிற்றுயிர்களுக்கு உறைவிடம்.

வெள்ளம் இவ்வேறுபாடுகளைக் குறைக்கிறது. ஆற்றுநீர் புகுந்ததும் பாசிகளின் செறிவு நீர்த்துப்போகிறது. கலங்கல் ஒளியைத் தடுக்கிறது. கரையோர உயிரிகள் நடுநீருக்கு அடித்துச் செல்லப்படுகின்றன. தொமாஸ், பினி, பொசெல்லி ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வெள்ளம் நீர்வாழிடங்களுக்கிடையே ஒப்புமையைப் பெருக்குகிறது என்று இதனைப் பொதுமைப்படுத்தியது. எனினும் இவ்விளைவு எங்கும் ஒரே அளவினதன்று. சிறு வெள்ளம் தொலைவிலுள்ள ஏரிகளை எட்டாமல், அருகிலுள்ளவற்றை மட்டும் கலந்துவிடக்கூடும். அப்போது வேறுபாடு குறைவதற்கு மாறாகக் கூடவும் வாய்ப்புண்டு.

கலத்தலைக் கேடாகக் கருதுதல் பொருந்தாது. வெள்ளமே இனங்களை ஏரிக்கு ஏரி கொண்டு சேர்க்கிறது. வறண்ட சேற்றில் உறங்கும் முட்டைகள் நீர் பரவியதும் பொரிகின்றன. வலசை மீன்களின் குஞ்சுகள் வளர்வது இவ்வேரிகளில்தான். அவற்றின் தொடக்ககால உணவில் விலங்கு மிதவைகளுக்குப் பெரும்பங்குண்டு. அடுத்த வடிகாலத்தில் அந்தந்த வாழிடம் தனக்கேற்ற இனங்களை மீண்டும் தேர்ந்துகொள்கிறது. எனவே இங்குள்ள பன்மை, கலத்தலும் பிரிதலும் மாறிமாறி நிகழ்வதால் விளைவது.

இம்மாற்றத்தில் அணைகள் குறுக்கிடுகின்றன. சமவெளிக்கு மேலே போர்த்தோ பிரிமவேரா அணை 1990களின் இறுதியில் நீர் தேக்கத் தொடங்கியது. அதன் பின்னர்ப் பரானாவின் வண்டல் அணையில் தங்க, கீழே வரும் நீர் தெளிந்தது, ஊட்டப்பொருள்கள் குறைந்தன, வெள்ளத்தின் இயல்பான போக்கும் மாறியது. தெளிந்த நீர் மேலோட்டமாக நன்மையெனத் தோன்றினும், கலங்கலோடு வந்த வளத்தையும் இழந்த நீர் அது. கிளையாறான இவின்யேமா பெரும் அணைகளின்றி இன்றும் தன் போக்கில் பெருகி வடிவதால், சமவெளியின் அப்பகுதி ஆய்வாளர்க்கு ஒப்பீட்டுக் களமாக விளங்குகிறது. பரானாவை ஒட்டிய ஏரிகளுக்கோ, அணையிலிருந்து திறக்கப்படும் நீரின் அளவோடு, அது எந்தப் பருவத்தில், எத்தனை நாள் தொடர்ந்து வருகிறது என்பதும் வாழ்வுக்குரிய கேள்வியாகிவிட்டது.