புல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது?

1997 நவம்பர் 16. ஜொகூர் பாரு, லார்க்கின் அரங்கம். ஜப்பானும் ஈரானும் மோதிய ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 118ஆவது நிமிடத்தில் ஒகானோ அடித்த கோலால் ஜப்பான் 3-2 என்று வென்று, முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அந்த இரவை ஜப்பானியர்கள் இன்றும் ‘ஜொகூர் பாரு மகிழ்ச்சி’ என்றே சொல்கிறார்கள்.

பெரிய ஆட்டங்களில் கோல் நம் நினைவில் நிற்கும். திடல் நிற்காது. திடலைப் பற்றி நாம் பேசுவது அது காலை வாரிவிட்டால் மட்டும்தான். 1974 ஜூலை 3ஆம் தேதி பிராங்பர்ட்டில் அதுதான் நடந்தது. மேற்கு ஜெர்மனிக்கும் போலந்துக்கும் இடையிலான ஆட்டம் தொடங்குமுன் கொட்டிய மழையில் திடல் குளமாகிவிட்டது. தீயணைப்பு வீரர்கள் வந்து தண்ணீரை இறைத்தார்கள், ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. வேகமான ஆட்டத்துக்குப் பெயர்போன போலந்து அணி உதைத்த பந்துகள் பாதி வழியில் தண்ணீரில் நின்றன. கெர்ட் முல்லரின் ஒரே கோலில் ஜெர்மனி வென்று இறுதி ஆட்டத்துக்குப் போனது.

பிராங்பர்ட்டுக்கு அது ஒரு நாள் மழை. ஜொகூரில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைதான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமாட், பத்து பகாட் வட்டாரங்களை முழுக்காட்டி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் துயர்துடைப்பு மையங்களுக்கு அனுப்பிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். ‘மழை காரணமாக ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது’ என்ற அறிவிப்பை வானொலியில் நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஆனால் பல நேரங்களில் மழை ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும், திடல் காய மூன்று நாளாகும். அப்படியானால் குற்றம் மழையின் மீதா, திடலின் மீதா?

ஒரு மழை, 36 லாரி தண்ணீர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு அளவு காற்பந்துத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பரப்பளவு 7,140 சதுர மீட்டர். நம் ஊரில் ஒரு மாலை நேர இடிமழைக்கு 50 மில்லிமீட்டர் பெய்வது புதிதல்ல. அப்படிப் பெய்தால் அந்தத் திடலில் மட்டும் விழும் தண்ணீர் 3,57,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் கிட்டத்தட்ட 36 லாரிகள் வேண்டும்.

இந்தத் தண்ணீர் போவதற்கு இரண்டே வழி. ஒன்று, சரிவில் ஓடி ஓரத்து லோங்காங்கில் விழ வேண்டும். இல்லையென்றால் மண்ணுக்குள் இறங்க வேண்டும். களிமண் திடலில் ஒரு மணி நேரத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதனால்தான் பழைய திடல்களை நடுவில் சற்று உயர்த்தி, இரு பக்கமும் சரியும்படி அமைத்தார்கள். நடுவிலிருந்து பக்கக்கோடு வரை 34 மீட்டர். ஒரு விழுக்காடு சரிவு என்றால் நடுப்பகுதி 34 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் ஓடி விளையாடி, மண் போட்டு நிரவி, அந்த மேடு தேய்ந்துவிட்டால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும்.

நவீனத் திடல்களில் புல்லுக்குக் கீழே சுமார் 30 சென்டிமீட்டர் மணல் இருக்கும். அதற்கும் கீழே சரளைக்கல். அதற்குள் மீன்முள் வடிவில் துளையிட்ட குழாய்கள். மணல் தண்ணீரை விழுங்கும், சரளை வழிவிடும், குழாய் வெளியே கொண்டு சேர்க்கும். இந்த மூன்றில் ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டுக்கும் போட்ட காசு வீண்.

‘பாரிட்’ என்று பெயர் வைத்த மண்

மேற்கு ஜொகூரின் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் ஜாவா. ‘பாரிட்’ என்றால் வாய்க்கால். முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்த பிறகே அங்கே குடியிருக்கவும் பயிர் செய்யவும் முடிந்தது. அந்தப் பாரிட் ராஜாவில்தான் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மென்மண்ணை ஆராய்வதற்கென்றே அங்கு ஒரு மையம் செயல்படுகிறது. அந்த அளவுக்கு அந்த வட்டாரத்தின் மண் ஒரு சவால்.

மென்களிமண்ணிலும் கரிமண்ணிலும் பாரம் ஏறினால் நிலம் மெல்ல அமிழும். எல்லா இடமும் ஒரே அளவாக அமிழ்வதில்லை. அதனால் சரிவாகப் பதித்த குழாய் சில ஆண்டுகளில் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த இடத்தில் வண்டல் சேரும், பிறகு அடைப்புதான். மேலே புல் பச்சையாக இருக்கும், ஒரு மழை வந்தால்தான் கீழே நடந்தது தெரியவரும்.

சீரமைப்பே சிக்கலாகும்போது

வியப்பு என்னவென்றால், நன்றாக வடிந்துகொண்டிருந்த கல்லூரித் திடல்கூடச் சீரமைப்புக்குப் பிறகு குளமாகலாம். காரணங்கள் எளியவை.

திடலைச் சுற்றிப் புதிய ஓடுதளம் போடுவார்கள். அதன் விளிம்பு திடலைவிட உயரமாக இருந்தால் அது கரை கட்டியதற்குச் சமம். உட்புற விளிம்பில் வடிகால் இல்லாவிட்டால் திடல் கிண்ணமாகிவிடும். புதிய பார்வையாளர் கூரையிலிருந்து வழியும் தண்ணீரைத் தனியாகக் கொண்டுபோகாமல் விட்டால் அதுவும் திடலில்தான் வந்து சேரும். ஆயிரம் சதுர மீட்டர் கூரை என்றால், நாம் கணக்கிட்ட அதே மழையில் கூடுதலாக 50,000 லிட்டர்.

விளக்குக் கம்பம் நட வரும் பாரந்தூக்கியும் மண் லாரியும் திடலைக் கடந்து போகும்போது மண் இறுகும், குழாய் நசுங்கும். பழைய குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்ற வரைபடமும் பல இடங்களில் கிடைப்பதில்லை. கடைசியில், களிமண்ணோடு சுருட்டிக் கொண்டுவந்த புல்லை நல்ல மணலின் மேல் விரித்துவிடுவார்கள். மணலுக்கு மூடி போட்டதுபோல் ஆகிவிடும்.

வெளியேறும் வாயையும் பார்க்க வேண்டும். குழாயின் வாய் பெரிய கால்வாயின் மழைக்கால நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், தண்ணீர் வெளியே போகாது, உள்ளே வரும்.

காசு எங்கே போகிறது?

தேசிய அளவில் இந்தப் பாடம் கற்றாகிவிட்டது. இஸ்கண்டார் புத்ரியில் 2020இல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கத்தில் ஸோய்சியா வகைப் புல் பதித்தார்கள். பின்னர் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்திலும் பழைய மாட்டுப்புல்லை அகற்றி அதே வகைப் புல்லுக்கு மாறினார்கள். 2023 மார்ச்சில் மலேசிய அணி தன் நட்புமுறை ஆட்டங்களை இஸ்கண்டார் புத்ரியில் ஆடியது.

கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் அந்த அளவு பணம் கிடையாது. கிடைக்கும் சிறு தொகையும் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கே போகிறது: பெயிண்ட், நாற்காலி, வளைவு, பெயர்ப்பலகை. திறப்பு விழாவில் குழாயைக் காட்டிப் படம் எடுக்க முடியாதல்லவா? ஆனால் மழைக்காலம் முழுக்கத் திடல் பூட்டிக் கிடந்தால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான். வசதியுள்ளவர்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஃபுட்சால் அரங்குக்குப் போவார்கள். தோட்டத் திடலில் பந்து உதைத்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்குக் கல்லூரித் திடலை விட்டால் வேறு இடமில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

நீங்கள் கல்லூரி நிர்வாகத்திலோ, பள்ளி வாரியத்திலோ, பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள்:

• திடல் மண்ணைச் சோதித்தார்களா? ஓர் அடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்த பின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று நீங்களே பார்க்கலாம்.

• தண்ணீர் எந்தக் கால்வாயில் விழுகிறது? கனமழையில் அதன் மட்டம் என்ன?

• கூரை, கார் நிறுத்துமிடத் தண்ணீர் எங்கே போகிறது? புதிய கட்டுமானத்தில் மழைநீரை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் கையேடு 2001 முதல் இருக்கிறது.

• கனரக வண்டிகள் எந்த வழியாக வரும்?

• முடிந்த பிறகு குழாய் வரைபடம் நம் கைக்கு வருமா?

பெரிய வேலைக்குப் பணம் இல்லையா? குழாய் வாய்களைச் சுத்தம் செய்யுங்கள். தரையைத் துளையிட்டு மணல் தூவுங்கள். மழை விட்டதும் சேற்றில் ஆடாமல் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். இவற்றை ஆண்டுதோறும் செய்தாலே திடல் தேறும்.

கடைசியாக ஒன்று. ஒப்பந்ததாரர் குறைகளைச் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் என்று ஒப்பந்தத்தில் ஒரு கெடு இருக்கும். அந்தக் கெடுவுக்குள் ஒரு முழு மழைக்காலமாவது வருகிறதா என்று பாருங்கள். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் திடலில் இறங்கி நடங்கள். எங்கெல்லாம் கால் புதைகிறதோ அங்கெல்லாம் படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்து மூலம் கொடுத்துவிடுங்கள். கெடு முடிந்த பிறகு வரும் மழைக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்க மாட்டார்.