கப்பலுக்கும் உண்டு பேட்டா!

'இண்டஸ்ட்ரியல் விசிட்'னு பேர் வெச்சுக்கிட்டு ஊட்டிக்கும் மூணாறுக்கும் போயிட்டு வந்த அனுபவம் உங்களுக்கு நிச்சயம் இருக்கும். ஃபேக்டரியில் அரை மணி நேரம், மிச்ச ரெண்டரை நாள் ஆட்டம் பாட்டம்! அந்த டிரிப்புக்குப் பணம் வசூல் பண்ற கிளாஸ் ரெப், பஸ் வாடகைக்கு அடுத்த வரியிலேயே ஒண்ணு எழுதுவான். 'டிரைவர் பேட்டா'. அதை எழுத மறந்தவனை நாம அடுத்த தடவை ரெப் ஆக்கவே மாட்டோம்.

அப்படி பேட்டாவை மறந்துட்டு, குடும்பத்தையே கப்பல்ல ஏத்தின ஒரு அறிவாளியின் கதைதான் இது. அந்த அறிவாளி... ஹி... ஹி... அடியேனேதான்!

2024 மே மாசம். அப்பா, அம்மாவோட 25-வது கல்யாண நாள். அப்பா மாசாமாசம் கட்டின சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. சிங்கப்பூர்ல இருந்து மூணு ராத்திரி குரூஸ், நாலு பேர், ஒரே ரூம். "இன்ஜினீயரிங் படிக்கிறான்ல, கணக்கை அவன் பார்த்துப்பான்" என்று அப்பா பெருமையோட பொறுப்பை என் தலையில் கட்டினார். நானும் எக்ஸெல் ஷீட்ல கலர் கலரா கட்டம் போட்டேன். ஃப்ளைட், விசா, கப்பல் டிக்கெட், டாக்ஸி... டோட்டல். சுபம்!

டிக்கெட்டுலேயே சாப்பாடு, நீச்சல் குளம், டான்ஸ் ஷோ எல்லாம் அடக்கம்னு போட்டிருந்தது. 'எல்லாம்'ங்கற வார்த்தையை நான் அப்படியே நம்பிட்டேன் பாஸ்.

கதவுக்கடியில் வந்த பேப்பர்

கப்பல்ல ஏறினதும் ஒரு கார்டு கொடுப்பாங்க. ரூம் சாவியும் அதுதான், பர்ஸும் அதுதான். கூல்டிரிங்க்ஸ் வேணுமா, கார்டை நீட்டு. போட்டோ வேணுமா, கார்டை நீட்டு. கையில் காசு எடுத்துக் கொடுத்தாதானே மனசு வலிக்கும்? இதுல வலியே தெரியாது. மொத்த வலியும் கடைசி ராத்திரி, கதவுக்கடியில் பில்லாக வரும்.

எங்களுக்கு வந்த பில் 360 டாலர். அன்னிக்கு ரேட்டுக்கு முப்பதாயிரம் ரூபாய்! அதோட விவரம் இதோ...

வை-ஃபை: 60 டாலர் (நடுக்கடல்ல ஸ்டேட்டஸ் போட்டது நான்).
கூல்டிரிங்க்ஸ், ஸ்பெஷல் காபி: 58 டாலர் (நானும் என் தங்கச்சியும்).
போட்டோ ரெண்டு: 50 டாலர் (அம்மா ஆசைப்பட்டாங்க).
டிப்ஸ்: 192 டாலர். தலைக்கு, தினத்துக்கு 16 டாலர். நாலு பேர், மூணு நாள்.

போதாததுக்கு, கிரெடிட் கார்டுல டாலர்ல கட்டினதால் பேங்க் 3.5 சதவிகிதம் மார்க்கப், அதுக்கு மேல 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. போட்டது. சுமார் 1,240 ரூபாய் காலி.

அப்பா எதுவும் பேசலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சார். எனக்குத்தான் வயித்தைக் கலக்குச்சு. உடனே, சீனியர் ஒருத்தர் சொல்லியிருந்த 'டிரிக்' ஞாபகம் வந்தது. "அப்பா, கீழே கவுன்ட்டர்ல கேட்டா டிப்ஸை மட்டும் எடுத்துடுவாங்களாம்!"

அந்த கியூ

கவுன்ட்டர்ல பெரிய கியூ. எங்களுக்கு முன்னாடி நின்ன ஒரு அங்கிள் ஒரே நிமிஷத்துல டிப்ஸை எடுக்க வெச்சுட்டு ஜெயிச்ச மாதிரி திரும்பினார். எங்க முறை வந்தது. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்த பில்லுல எது எதைக் குறைக்கலாம்?"

கவுன்ட்டர் பெண் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. கோக் குடிச்சாச்சு, குறைக்க முடியாது. வை-ஃபை பயன்படுத்தியாச்சு, முடியாது. போட்டோ வாங்கியாச்சு, முடியாது. டிப்ஸை மட்டும் குறைக்கலாம்.

எங்க ரூமைப் பார்த்துக்கிட்டவர் இந்தோனேஷியாக்காரர். தினமும் டவலை யானையா, குரங்கா மடிச்சு வெச்சுட்டுப் போவார். என் தங்கச்சி அதை ஒண்ணுவிடாம போட்டோ எடுத்து வெச்சிருக்கா. வீட்டை விட்டுக் கிளம்பி ஆறு மாசம் ஆச்சாம். கிளம்பின பிறகு பிறந்த பொண்ணை இன்னும் போன்ல மட்டும்தான் பார்த்திருக்கார்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ குடிச்சது குறையாதாம். அவர் துடைச்சது மட்டும் குறையுமாம். வா, போலாம்."

அவ்வளவுதான். பில் முழுசா கட்டியாச்சு. மறுநாள் சிங்கப்பூர்ல யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போறதா இருந்தோம்... கேன்சல்! மெர்லயன் சிலை முன்னாடி நின்னுட்டு, சிராங்கூன் ரோட்டுல நடந்துட்டு வந்தோம். தங்கச்சி ரெண்டு நாள் என்கூடப் பேசலை. நியாயம்தான்.

இது இனாம் இல்லை மக்கா!

ஊருக்கு வந்த பிறகு இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். நம்ம ஊர் ஹோட்டல்ல மனசுக்குத் தோணினதை வைக்கிற மாதிரி இல்லை கப்பல் டிப்ஸ். பல கம்பெனிகள்ல அது தினமும் தானாகவே பில்லுல ஏறும். 2023 நவம்பரில் ராயல் கரீபியன் தலைக்கு தினம் வாங்கற டிப்ஸை உயர்த்துச்சு. அதே வருஷம் கார்னிவல் 16 டாலர் ஆக்குச்சு. குட்டீஸுக்கும் பெரும்பாலும் தலைக்கணக்குதான். பார்ல, ஸ்பால வாங்கற ஒவ்வொண்ணுக்கும் தனியா 18 முதல் 20 சதவிகிதம் வேற.

இந்தப் பணம் ரூம் ஊழியர், டைனிங் ஹால் ஊழியர்னு பல பேருக்குப் பிரியும். நம்ம கண்ணுல படாம வேலை பார்க்கறவங்களும் இதுல உண்டு. கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா மாதிரி நாடுகளின் கொடியில் ஓடுறதால, அமெரிக்காவுல டிக்கெட் வித்தாலும் அமெரிக்கச் சம்பளச் சட்டம் ஊழியருக்குக் கிடையாது. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே ஒரு நாளைக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க அனுமதிக்குது. மாசக்கணக்குல நீள்ற கான்ட்ராக்ட்ல ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கிடையாது.

"சம்பளத்தைக் கம்பெனிதானே ஒழுங்கா கொடுக்கணும்? நான் ஏன் கொடுக்கணும்?" என்று கேட்கறீங்களா? கரெக்ட்டான கேள்வி. டிக்கெட் விலையைக் குறைச்சுக் காட்ட கம்பெனிகளுக்கு இது ஒரு வசதி. முடியாத காரியமும் இல்லை. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019-லேயே தினசரி டிப்ஸைத் தனியா வசூலிக்கறதை நிறுத்திட்டாங்க. ஆனா, நீங்க கியூவில் நின்னு டிப்ஸை எடுத்தா அடி விழறது கம்பெனிக்கு இல்லை... யானை மடிச்சவருக்கு! சர்வீஸ் சரியில்லைன்னா முதல் நாளே கவுன்ட்டர்ல சொல்லுங்க, சரி பண்ணுவாங்க. கடைசி ராத்திரி வரை காத்திருக்காதீங்க.

அப்ப எங்கேதான் மிச்சம் பிடிக்கறது?

காலேஜ் முடிச்சதும் கேங்கா குரூஸ் போகணும்னு உங்க வாட்ஸ்அப் குரூப்புலேயும் பேச்சு ஓடிக்கிட்டு இருக்கும். என் எக்ஸெல் ஷீட் 2.0 இதோ... சுட்டுக்கோங்க!

முதல்ல டிப்ஸ். நாள் இன்ட்டு ஆள் இன்ட்டு ரேட். 18.50 டாலர் கப்பல்ல நாலு ராத்திரின்னா தலைக்கு 74 டாலர். அதை டிக்கெட் விலையோட கூட்டி, 'இதுதான் டிக்கெட்'னு மனசுல எழுதிக்கோங்க. ரெண்டு கப்பலை ஒப்பிடும்போதும் இந்தக் கூட்டுத்தொகையைத்தான் பார்க்கணும். பல கம்பெனிகள்ல புக் பண்ணும்போதே டிப்ஸைக் கட்டிடலாம். கடைசி ராத்திரி ஷாக் இருக்காது.

அடுத்தது வாய். மெயின் டைனிங் ஹால், பஃபே, அங்கே கிடைக்கிற தண்ணி, டீ, சாதா காபி எல்லாம் பொதுவா டிக்கெட்டுலேயே அடக்கம். கேன் டிரிங்க்ஸ், காபி ஷாப் காபி, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட்... இதெல்லாம் தனிக் காசு.

மூணாவது போன். கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியே ஃப்ளைட் மோட்ல போட்டுடுங்க. நடுக்கடல்ல உங்க போன் பிடிக்கிற டவர் சாட்டிலைட் வழியா வர்றது. சாதாரண ரோமிங் பேக் அங்கே செல்லாது, பில் எகிறிடும். வை-ஃபை கட்டாயம் வேணும்னா ஒரே ஒரு போனுக்குப் போதும்.

நாலாவது, கரை. மேப்பைப் பாருங்க. பினாங்குல இறங்கினா ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போயிடலாம். ஆனா, கோலாலம்பூர் பார்க்கலாம்னு போர்ட் கிளாங்ல இறங்கினா, அங்கிருந்து ஊருக்குள்ள சுமார் 40 கிலோமீட்டர்! போக வர வண்டிக் காசு யார் தருவா?

அப்புறம், டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்காம ஏறாதீங்க. கப்பல் டாக்டரும் ஃபீஸ் வாங்குவார். இந்தியாவுல டூர் பேக்கேஜா புக் பண்ணினா டி.சி.எஸ். பிடிப்பாங்க. வருமான வரி ரிட்டர்ன்ல அதைக் கழிச்சுக்கலாம். ஆனா, அதுவரைக்கும் அந்தப் பணம் கைக்கு வராது.

ரெண்டாவது ராத்திரியே டி.வி.யிலோ ஆப்பிலோ, இல்லை கவுன்ட்டர்லோ உங்க பில் எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்த்துடுங்க. நான் பார்த்திருந்தா ரெண்டாவது நாள் கோக்கை விட்டிருப்பேன். தங்கச்சி யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போயிருப்பா.

ஐ.வி. போற வழியில நாம ஐஸ்க்ரீம் அதிகமா சாப்பிட்டுட்டு, டிரைவர்கிட்ட போய் "அண்ணே, பட்ஜெட் இடிக்குது, உங்க பேட்டாவைக் கட் பண்ணிக்கறோம்"னு சொல்வோமா? ராத்திரி பூரா கண் முழிச்சு மலைப்பாதையில் ஓட்டினவர் முகத்தைப் பார்த்து சொல்லத்தான் முடியுமா?

கப்பல்ல அந்த முகத்தைப் பார்க்காமலேயே கட் பண்ண ஒரு கவுன்ட்டர் இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

கையில் காசு கம்மியா? ஐஸ்க்ரீமைக் குறைங்க பாஸ். பேட்டாவில் கை வைக்காதீங்க!