பியேர் பொன்னார்: நினைவைத் தீட்டிய ஓவியர்

இருபதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவிய வரலாற்றை எழுதுபவர்கள் செசானில் தொடங்கி மத்தீஸ், பிராக், பிக்காசோ என்று நகரும்போது, பியேர் பொன்னாரைப் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டே மேலே செல்கின்றனர். உணவு மேசை, திறந்த சன்னல், குளியல் தொட்டி, பூனை, நாய் என வீட்டையே சுற்றிவந்த அவருடைய படங்கள், கணத்துக்குக் கணம் மாறும் வெளிச்சத்தை இயற்கையின் முன் நின்று விரைந்து தீட்டிய இம்ப்ரஷனிசம் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாணியின் எச்சமாகவே பலருக்குத் தோன்றின. பிக்காசோவும் அவரை ஏளனமாகவே ஒதுக்கினார். ஆனால் முதிர்ந்த காலத்துப் பொன்னார் எதையும் எதிரே வைத்துக்கொண்டு தீட்டியவரல்லர் என்ற ஒரு செய்தியே அந்த மதிப்பீட்டின் அடித்தளத்தை அசைத்துவிடப் போதுமானது.

1867 அக்டோபர் 3 அன்று பாரிசை அடுத்த ஃபோந்தனே-ஓ-ரோஸ் என்னும் ஊரில், போர் அமைச்சக அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்த பொன்னார், தந்தையின் விருப்பப்படி சட்டம் படித்தார். கூடவே அகாதெமி ஜூலியான் என்னும் தனியார் ஓவியப் பள்ளிக்கும் சென்றுவந்தார். அங்கே அவருக்கு வாய்த்த நண்பர்களுள் ஒருவரான போல் செரூசியே, 1888இல் பிரித்தானிப் பகுதியில் கோகனின் வழிகாட்டலில் தூய வண்ணங்களைத் திட்டுத் திட்டாக வைத்துத் தீட்டிய சிறிய நிலக்காட்சி ஒன்றைக் கொண்டுவந்து காட்ட, அதனால் கிளர்ச்சியுற்ற இளைஞர்கள், தீர்க்கதரிசிகள் என்று பொருள்படும் எபிரேயப் பெயரொன்றைப் பாதி விளையாட்டாகச் சூடிக்கொண்டு ஒரு குழுவாயினர். மொரீஸ் தெனி, எத்வார் வுய்யார் ஆகியோரும் அக்குழுவில் இருந்தனர். 1890இல் பாரிசில் நடந்த ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படக் கண்காட்சி பொன்னாரை மிகவும் ஈர்த்தது. நிழலும் திரட்சியும் இல்லாத தட்டையான வண்ணப் பரப்பு, விளிம்பில் பாதியாக வெட்டுண்ட உருவம் ஆகியவற்றை அவர் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார். 1891இல் அச்சான அவருடைய ஷாம்பெய்ன் மதுச் சுவரொட்டி பாரிஸ் தெருக்களில் ஒட்டப்பட்டபோது, பின்னாளில் சுவரொட்டிக் கலையில் பெரும்புகழ் பெற்ற துலூஸ்-லோத்ரெக் அதைக் கண்டு அத்துறைக்குத் தூண்டப்பெற்றார். வழக்கறிஞர் வேலை அத்துடன் மறக்கப்பட்டது.

அவரைத் தனித்துக் காட்டும் முறை அதற்குப் பின்னரே உருப்பெற்றது. ஒரு காட்சி மனத்தில் தைத்தவுடன் அவர் சட்டைப்பை நாட்குறிப்பேட்டில் பென்சிலால் விரலளவுக் கோட்டுப்படம் ஒன்றைக் கீறிக்கொள்வார். அன்று வானம் தெளிந்திருந்ததா, மேகம் மூடியிருந்ததா என்பதையும் ஓரிரு சொற்களில் அருகே குறித்துவைப்பார். வண்ணம் தீட்டுவது பிறகு, காட்சியை விட்டு விலகிய ஓர் அறையில்தான். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தானை அவர் விரும்பவில்லை. சுருளிலிருந்து வெட்டிய துணியை நேராகச் சுவரில் ஆணியடித்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பல படங்களை ஒரே காலத்தில் தீட்டியதோடு, படம் எங்கே முடியவேண்டும் என்பதைத் தீட்டிய பிறகே முடிவுசெய்தார். கண்ணெதிரே இருக்கும் பொருள் ஓவியனை அடிமைப்படுத்திவிடும், முதலில் தோன்றிய எண்ணத்தை அது கலைத்துவிடும் என்பது அவருடைய அச்சம். ஆகவே பொருளை அகற்றிவிட்டு, மனத்தில் எஞ்சிய வண்ணத்தை மட்டுமே அவர் துணைக்கு அழைத்தார்.

இம்முறையின் விளைவைக் கிரெனோபில் அருங்காட்சியகத்தில் உள்ள ‘வெண்ணிற உள்ளறை’ என்னும் 1932ஆம் ஆண்டுப் படத்தில் அருகிருந்து காணலாம். முதல் பார்வையில் வெள்ளைக் கதவும் வெப்பமூட்டியும் மேசையின் ஒரு பகுதியும் திறந்த கதவுக்கு வெளியே தெரியும் தோட்டமும் மட்டுமே தென்படுகின்றன. சற்று நேரம் சென்ற பிறகே, மேசைக்கு அப்பால் ஒரு பெண் பூனையை நோக்கிக் குனிந்திருப்பதும், அவளுடைய முதுகு தரையின் நிறத்தோடு ஏறக்குறைய ஒன்றிவிட்டிருப்பதும் புலப்படுகின்றன. ஓர் அறைக்குள் திடீரென நுழைபவர் அந்த முதற்கணத்தில் என்ன காண்கிறாரோ அதைக் காட்டவேண்டும் என்று பொன்னார் எண்ணினார். மனிதக் கண் தான் உற்றுநோக்கும் நடுப்பகுதியை மட்டுமே கூர்மையாகக் காண்கிறது; விளிம்பில் உள்ளவை மங்கலாகவே பதிந்து, பார்வை திரும்பும்போதுதான் உருப்பெறுகின்றன. பார்க்கும் செயலுக்குப் பிடிக்கும் இந்த நேரத்தைப் படத்துக்குள்ளேயே வைத்துவிட்டார் என்பதால், பொருளை உடைத்துக் காட்டிய க்யூபிசத்துக்கு எவ்வகையிலும் குறையாத நவீனத்தன்மை, சத்தமில்லாமல், அவரிடமும் உண்டு என்று கூறுவது மிகையாகாது.

குனிந்திருக்கும் அந்தப் பெண் மார்த். 1893இல் பாரிசில் பொன்னாரைச் சந்தித்த அவர் தம்மை மார்த் தெ மெலினி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். மரியா பூர்சேன் என்னும் இயற்பெயரை, முப்பதாண்டுகள் கடந்து 1925இல் திருமணப் பதிவு நடந்தபோதுதான் பொன்னார் அறிந்தார் என்று கூறப்படுகிறது. நலிந்த உடல்நிலையும் பிறரோடு பழகுவதில் கூச்சமும் கொண்டிருந்த மார்த் நாளின் பெரும்பொழுதைக் குளியலில் கழித்தார். 1926இல் பொன்னார் கான் நகரை அடுத்த லெ கானே என்னும் மலையூரில் வாங்கிய சிறு வீட்டில் குளியலறை ஒன்றையும் அமைத்துக்கொடுக்க, அதுவே ஓவியங்களின் களமாயிற்று. பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி அருங்காட்சியகத்தில் உள்ள ‘தொட்டியில் நிர்வாணப் பெண்ணும் சிறு நாயும்’ என்ற படத்தை அவர் 1941இல் தொடங்கினார். மார்த் 1942 சனவரியில் இறந்த பிறகும் நான்கு ஆண்டுகள் அதை விடாமல் தீட்டினார். தொட்டி சிப்பியைப் போல வளைந்து விரிகிறது. சுவரின் ஓடுகள் மஞ்சளும் ஊதாவும் நீலமுமாகக் கரைகின்றன. எழுபதைக் கடந்து இறந்த அந்தப் பெண்ணின் உடல் இங்கு இளமையோடே நீரில் கிடக்கிறது. நினைவுக்கு வயதாவதில்லை என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்டிய படத்தைப் பொன்னாரிடமே தேடவேண்டும்.

நினைவிலிருந்து தீட்டப்படும் படத்துக்கு ஒப்பிட்டுச் சரிபார்க்க எதிரே ஏதுமில்லை என்பதால், அது எப்போது முடிந்தது என்று சொல்வதும் எளிதன்று. அருங்காட்சியகத்தில் தொங்கிய தம் பழைய படத்தை, நண்பர் வுய்யார் காவலரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பொன்னார் சட்டைப்பையிலிருந்த வண்ணத்தால் திருத்தினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1947 சனவரி 23 அன்று இறப்பதற்குச் சில நாள்கள் முன்பு, இப்போது பாரிசின் போம்பிடூ மையத்துக்கு உரிய ‘பூத்த வாதுமை மரம்’ படத்தின் கீழ்மூலையில் பச்சை சரியில்லை, அங்கு மஞ்சள் வேண்டும் என்று படுக்கையிலிருந்தபடியே சொல்லித் தங்கை மகனைக் கொண்டு திருத்தியது உண்மை. அதே ஆண்டில் விமர்சகர் கிறிஸ்தியான் செர்வோஸ், பொன்னார் பெரிய ஓவியர்தானா என்ற வினாவையே தலைப்பாக்கி, எதிர்மறையாகக் கட்டுரை எழுதினார். அதைப் படித்துச் சினமுற்ற மத்தீஸ், பொன்னார் இன்றைக்கும் வருங்காலத்துக்கும் பெரிய ஓவியரே என்று அந்த இதழின் பக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டார்.

பொன்னாரின் வீட்டில் எஞ்சியிருந்த படங்களோ வேறொரு சிக்கலில் மாட்டிக்கொண்டன. மார்த் உயில் எழுதாமல் இறந்ததால், சொத்துக் கணக்கெடுப்பைத் தவிர்க்க விரும்பிய பொன்னார் அவர் பெயரில் தாமே ஓர் உயிலை எழுதிவைத்திருந்தார். அது வெளிப்பட்டதும் மார்த்தின் உறவினர் தங்கள் பங்கைக் கோரினர். கணவன் மனைவிக்குப் பொதுவான சொத்தில், ஓவியர் தம் கையைவிட்டு வெளியே அனுப்பாத படங்களைச் சேர்க்கலாமா, அவற்றை மாற்றவும் அழிக்கவும் அவருக்கிருந்த உரிமை என்னாகும் என்று பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் வாதம் கேட்டன. படைப்பாளியின் தார்மிக உரிமை பற்றிய சட்ட விவாதங்களில் அந்த வழக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.