உழைப்பின் சுமையும் குருதி அமுக்கமும்

"உடம்பு முறிய வேலை செய்யிறவனுக்குப் பிறசர் வராது, அது கதிரையில் இருக்கிறவையின்ர வருத்தம்." நெளுக்குளத்திலும் வன்னியின் ஏனைய கிராமங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. உடம்பை அசைத்து வேலை செய்வது நல்லதே. ஆனால் வேலை என்பது கைகால்களின் அசைவு மட்டுமல்ல. யாருடைய சொற்படி, எந்தக் கடனை மனதில் வைத்துக்கொண்டு உழைக்கிறோம் என்பதும் அதில் அடங்கும். உழைப்பவரின் குருதி அமுக்கத்தை உயர்த்துவதில் இதற்கும் பங்கு உண்டு.

உடம்பில் நடப்பது என்ன?

இருதயம் தள்ளும் குருதி, குழாய்களின் சுவரில் ஏற்படுத்தும் தாக்கமே குருதி அமுக்கம். கிளினிக் துண்டில் இரண்டு எண்கள் எழுதப்படும். மேல் எண் இருதயம் சுருங்கும்போது உள்ள அளவு. கீழ் எண் அது தளரும்போது உள்ள அளவு. 120/80 என்பது நல்ல அளவு. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் குருதி அமுக்கம்.

வயல் வரம்பில் பாம்பைக் கண்டவுடன் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலினை விடுகின்றன. இருதயம் விரைவாக அடிக்கிறது, குழாய்கள் ஒடுங்குகின்றன, அமுக்கம் ஏறுகிறது. நீர் இறைக்கும்போது குழாயின் வாயை விரலால் நெரித்தால் தண்ணீர் சீறிப் பாய்வதைப் போன்றது இது. பாம்பு போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் வட்டிக்காரர் பாம்பைப் போலப் போய்விடுவதில்லை. கவலை நாள்தோறும் நீடித்தால் நித்திரை கெடுகிறது, சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கின்றன, காலப்போக்கில் குழாய்களும் விறைப்படைகின்றன.

எந்த வேலை கூடிய பாதிப்பைத் தருகிறது?

பொறுப்பு அதிகமாகவும் தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் உள்ள வேலையே மனிதரை அதிகம் நெருக்குகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ராபட் கராசெக் 1979 இல் எடுத்துக்காட்டினார். 1990 இல் வெளியான நியூயோர்க் ஆய்வு ஒன்றும், அத்தகைய வேலை செய்யும் ஆண்களிடையே உயர் குருதி அமுக்கம் கூடுதலாக இருப்பதைக் கண்டது.

இதை எமது நிலையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். சொந்தக் கமத்தில் எப்போது விதைப்பது, எந்த நெல்லைப் போடுவது, எப்போது ஓய்வெடுப்பது என்பதைக் கமக்காரரே தீர்மானித்தார். 1990, 1995, 1996, 2008, 2009 என்று இடம்பெயர்வுகளால் ஆண்டுகளை எண்ணும் குடும்பங்கள், குத்தகைக் காணியிலும் பிறர் வயலில் நாட்கூலிக்கும் உழைக்க நேர்ந்தது. உழைப்பு குறையவில்லை, தீர்மானம்தான் கையை விட்டுப் போயிற்று. காணி உள்ளவர்களுக்கும் இது நேரும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களின் இழப்பைக் கமக்காரரே சுமந்தனர்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆய்வாளர் ஷேர்மன் ஜேம்ஸ் 1978 இல் ஒரு முதிய கறுப்பினக் கமக்காரரைச் சந்தித்தார். வாரக் குத்தகைக் குடும்பத்தில் பிறந்து இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், இரவு பகலாக உழைத்து 40 வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளரானார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் உயர் குருதி அமுக்கம், மூட்டுவாதம், வயிற்றுப்புண் மூன்றும் அவரைப் பிடித்திருந்தன. வசதியும் துணையும் இல்லாமல் மன உறுதியை மட்டும் நம்பிப் போராடுபவரின் உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது என்பதே ஜேம்ஸின் கருத்து. விடாமுயற்சி தவறு என்பதல்ல. தனித்துச் சுமப்பதே ஆபத்து.

மன நெருக்கீடு மட்டுமே காரணம் என்றும் எண்ணக்கூடாது. வயது, பரம்பரை, உப்பு, உடற்பருமன், மதுபானம், சிறுநீரக நோய் ஆகியவையும் காரணங்களே.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, அளந்து பார்ப்பது. இந்நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாது. தலையிடி வரட்டும் என்று காத்திருந்தால், பாரிசவாதமோ மாரடைப்போ முந்திவிடலாம். அரச வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் இல்லை. வெயிலில் நடந்து போனவுடன் அளக்காமல் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து அளக்கவேண்டும்.

இரண்டாவது, உளைவுக் குளிசைகள். அரிவு வெட்டு, மேசன் வேலை முடிந்து உடம்பு உளைவுக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபினாக், இபுபுறோபன் போன்றவை குருதி அமுக்கத்தை உயர்த்துவதோடு சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியவை. வைத்தியரைக் கேளாமல் இவற்றைத் தொடர்ந்து எடுக்கவேண்டாம்.

மூன்றாவது, உப்பு. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் போதும். கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பும் இதில் அடங்கும். கவலையை மறக்கக் குடிக்கும் கசிப்பும் சாராயமும் அமுக்கத்தை ஏற்றவே செய்யும்.

நான்காவது, வைத்தியர் தந்த குளிசையைச் சுகமாக இருக்கிறது என்று நிறுத்தக்கூடாது. அந்தச் சுகம் குளிசையால் வந்ததாகவும் இருக்கலாம்.

இறுதியாக, கையை விட்டுப் போன தீர்மானங்களில் சிலவற்றையாவது சேர்ந்து மீட்க முயல்வோம். குத்தகை பேசுவதையும், விதைநெல் வாங்குவதையும், கடனின் வட்டியைக் கணக்கிடுவதையும் தனி ஆளாகச் செய்யாமல் கமக்காரர் அமைப்பில், மாதர் சங்கத்தில் பேசிச் செய்யலாம். புதுக்கடன் எடுக்குமுன் கணவனும் மனைவியும் ஒன்றாக இருந்து கணக்குப் பார்க்கலாம். அடுத்த கூட்டத்துக்குக் குருதி அமுக்கம் அளக்கும் கருவியோடு ஒரு தாதியை அழைப்பதும் ஊரவர் கூடி எடுக்கக்கூடிய தீர்மானமே.