வகுப்பறையிற் கருவியும் கலந்துரையாடலும்

கல்விக் கருவிகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அவை மாணாக்கனுக்கு எதனைக் காட்டும் என்பதே முதலிற் கேட்கப்படும் வினாவாகும். படத்தைக் காட்டுவதும் ஒலியைக் கேட்பிப்பதும் கணினித் திரையும் அவ்வகையிலேயே மதிப்பிடப்படுகின்றன. மாணாக்கன் மனத்தில் உள்ளதை ஆசிரியனுக்குக் காட்டும் கருவி உண்டாயின் அஃது இவற்றினும் பெரும்பயன் தருமன்றோ? அத்தகைய முயற்சியொன்று அமெரிக்க நாட்டிலே நடைபெற்றுள்ளது.

ஒல்லாந்து நாட்டிற் பிறந்த பௌதிக அறிஞரான எரிக் மசூர், 1984 ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி ஏற்றார். மருத்துவக் கல்வியை நாடிய மாணாக்கருக்குத் தொடக்கநிலைப் பௌதிகம் கற்பித்தார். அவருடைய விரிவுரைகளை மாணாக்கர் விரும்பினர். கடினமான கணக்குகளையும் செய்து நல்ல புள்ளி பெற்றனர். தம் பணி செவ்வனே நடைபெறுகின்றதென்றே அவர் நம்பியிருந்தார். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஹலூன், ஹெஸ்ரெனிஸ் என்னும் இருவர் 1985 இல் வெளியிட்ட கட்டுரைகள் அந்நம்பிக்கையை அசைத்தன. பௌதிகம் கற்று முடித்தோரும், விசை, இயக்கம் என்பன பற்றிக் கற்குமுன் கொண்டிருந்த பிழையான எண்ணங்களைப் பெரிதும் விட்டிலர் என்பது அவர்கள் கண்ட முடிபு. தம் மாணாக்கருக்கு இது பொருந்தாதென எண்ணிய மசூர் அதே சோதனையை 1990 இல் நடத்தினார். மாணாக்கர் ஒருவர், தாங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, தாம் இயல்பாக எண்ணுகிறபடி எழுதுவதா என்று கேட்டனராம். இவ்வினா ஹாவார்டில் மட்டும் கேட்கப்படக்கூடியதன்று. மற்றை வகுப்பறைகளில் அதனை வாய்விட்டுக் கேட்பார் இல்லை, அவ்வளவே.

எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். பாரமான லொறியொன்று சிறிய காருடன் மோதுகின்றது. எது எதன்மேற் கூடிய விசையைச் செலுத்துகின்றது? தாக்கத்துக்குச் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டென்ற நியூற்றனின் மூன்றாம் விதியைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணாக்கனும், லொறியே என்று விடை தருகிறான். நொறுங்குவது காரேயன்றோ என்பது அவன் நியாயம். விசைகள் சமனே, திணிவு குறைந்த காரில் அதே விசை கூடிய ஆர்முடுகலை உண்டாக்குகின்றது. சமன்பாட்டில் எண்களை இட்டுக் கணக்குச் செய்வோனிடம் இந்தப் பிழை ஒளிந்தே கிடக்கும்.

1991 முதல் மசூர் தம் முறையை மாற்றினார். சகபாடிகளாற் கற்பித்தல் என இதனைக் கூறலாம். ஒரு கருத்தைச் சிறிது நேரம் விளக்கியபின் இத்தகைய வினாவொன்று இடப்படும். ஒவ்வொருவரும் பேசாது சிந்தித்துத் தம் விடையைத் தெரிவிப்பர். முதலிற் கையுயர்த்தியும், பின்னர்க் கையடக்கமான இலத்திரனியற் கருவியின் பொத்தானை அழுத்தியும் இது செய்யப்பட்டது. சரியான விடை தந்தோர் ஏறக்குறைய 30 வீதத்துக்கும் 70 வீதத்துக்கும் இடைப்பட்டிருப்பின், வேறு விடை தந்த அயலவனைத் தேடித் தன் காரணத்தை எடுத்துரைக்கும்படி ஆசிரியர் பணிப்பார். மண்டபம் இரைச்சலாற் நிறையும். சில நிமிடங்களின் பின் மீண்டும் விடை பெறப்படும். ஆசிரியர் விளக்கம் அதன் பின்னரே. அண்மையில் விளங்கிக்கொண்டவனுக்குத் தான் இடறிய இடம் நினைவிலுண்டு. ஆண்டுதோறும் அதனையே கற்பித்த ஆசிரியர் அவ்விடத்தை மறந்துவிடுகின்றார்.

பயன் என்ன? தொடக்கப் புள்ளிக்கு மேல் அடையக்கூடியதாயிருந்த முன்னேற்றத்தில், 1990 இல் ஏறக்குறையக் காற்பங்கையே அடைந்த அப்பாடநெறி, 1991 இல் ஏறக்குறைய அரைப்பங்கை அடைந்தது. ஆயினும் ஐயமொன்று எழுதல் இயல்பே. கெட்டிக்காரன் சொன்னதை அயலவன் நம்பி விடையை மாற்றினால், அது சிந்தனையாகுமோ? கொலராடோப் பல்கலைக்கழகத்தார் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இதனையே சோதித்தது. பிறப்புரிமையியல் பயின்ற 350 மாணாக்கருக்கு, ஒரே கருத்தை வேறு வடிவிற் கேட்கும் வினாச் சோடிகள் 16 கொடுக்கப்பட்டன. முதல் வினாவுக்குத் தனித்துச் சரியாக விடையளித்தோர் 52 வீதத்தினர்; கலந்துரையாடியபின் 68 வீதத்தினர். பின்பு, சரியான விடை எதுவெனச் சொல்லாமலே, இரண்டாம் வினாவைத் தனித்து விடுக்குமாறு பணித்தபோது 73 வீதத்தினர் சரியாக விடுத்தனர். கேட்டதை ஒப்புவித்தோர் புதிய வினாவில் இவ்வாறு முன்னேறியிரார். தொடக்கத்தில் எவருமே சரியான விடையை அறியாத குழுக்களிலும் முன்னேற்றம் காணப்பட்டமை பெரிதும் கவனிக்கத்தக்கது.

இதில் கருவியின் பங்கு எவ்வளவு? கனடாவின் கியூபெக் மாகாணக் கல்லூரியொன்றில் லாஸ்றி என்பார், ஒரு வகுப்புக்கு இலத்திரனியற் கருவியையும் மற்றொன்றுக்கு எழுத்துப் பொறித்த அட்டைகளையும் கொடுத்துக் கற்பித்து ஒப்பிட்டார். 2008 இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விடைகளை நொடியில் எண்ணித் தருவதும், பிறர் அறியாது விடையளிக்கக் கூச்சமுடையோனுக்கு இடந்தருவதும் கருவியின் சிறப்புகள், அவை சிறியனவல்ல. எனினும், பணமில்லாத பாடசாலை நான்கு நிறத் தாள்களை வெட்டிக் கொடுத்து இம்முறையை நாளையே தொடங்கலாம்.

கடினம் வினா இயற்றுவதிலேயே உள்ளது. ஆண்டையும் பெயரையும் கேட்கும் வினாவில் உரையாடுதற்கு ஒன்றுமில்லை. அறிந்தவன் சொல்வான், அறியாதவன் கேட்பான். பொருந்தாத விடைகளும் நம்பத்தக்கனவாய் அமையவேண்டும். அவற்றை ஆசிரியன் கற்பனை செய்யவேண்டியதில்லை. சென்ற தவணைப் பரீட்சையின் விடைத்தாள்களில், மாணாக்கர் தம் கையாலேயே எழுதிவைத்த பிழைகள் வேண்டிய அளவு கிடைக்கும்.